விவரம் தரப்பட்டுள்ளது

அயர்லாந்து நாடாளுமன்றத்தில் யார் என்ன கேட்டார், எந்த மந்திரி என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதை மூன்று மாதம் உட்கார்ந்து வரி விடாமல் படித்திருக்கிறேன். அந்த நாட்டுக்காரர்களே அப்படிப் படித்திருக்க மாட்டார்கள். அதுவும் எல்லா உறுப்பினர்களையும் அல்ல, ஒரே ஒருவரை. அவர் சபையில் வாயைத் திறந்து சொன்னது அத்தனையும் இணையத்தில் அச்சாகிக் கிடந்தது. நான் வேலை பார்த்த குவைத்தில், ஃபஹாஹீல் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு மலையாளி இன்டர்நெட் கடை வைத்திருந்தார். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை அகமதி மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் பிடிக்காத ஒரு மனிதனைப் படிப்பதற்காக மணிக்கணக்கில் அந்த நாற்காலியைத் தேய்த்தேன்.

அந்த வருடங்களில் அயர்லாந்து ஆஸ்பத்திரிகள் வளைகுடாவுக்கே வந்து நர்சுகளைப் பொறுக்கிக்கொண்டு போயின. குவைத்தில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ வைத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த என் மனைவி அதில் தேறினாள். நான் எண்ணெய் வயல் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை, திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அவள் முதலில் போவது, ஆறு மாதத்தில் நானும் பிள்ளையும் போய்ச் சேர்வது என்று ஏற்பாடு. ஐந்து வயது மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, அவளுக்கு விசா வந்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணம் ஆனதற்குப் பங்குச்சாமி கையெழுத்துப் போட்ட கோயில் சான்றிதழ்தான் இருந்தது. அரசாங்கப் பதிவு இல்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை பிறந்ததை நம்பினார்கள், கல்யாணம் நடந்ததை நம்பவில்லை. ஊரில் ஆளைப் பிடித்துப் பதிவு செய்து புது விண்ணப்பம் போட்டோம். அதன் பிறகு ஒன்றரை வருடம் ஒரு சத்தமும் இல்லை.

என்னை நிறுத்திய உடனேயே மகளை அழைத்துக்கொண்டு அவள் போய்விட்டிருந்தாள். அங்கே இன்னொரு நர்சோடு வீட்டைப் பங்கிட்டு, டியூட்டியை மாற்றி மாற்றிப் போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் குடும்பமாக இருந்த ஃபிளாட்டைக் காலி செய்து, நான்கு பேர் தங்கும் ஒரு ரூமில் கட்டில் பிடித்தேன்.

அயர்லாந்தில் ஒரு பழக்கம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் சனிக்கிழமை தோறும் தொகுதியில் ஏதாவது ஒரு சின்ன ஊரில், கடையின் பின்னறையிலோ ஹோட்டல் மூலையிலோ உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று தங்கள் குறையைச் சொல்லலாம். என் மனைவியும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றிருக்கிறாள்.

“பொறுமையா முழுசும் கேட்டாருங்க. பிள்ளைக்கு முட்டாயி குடுத்தாரு. மந்திரிக்கே கேள்வி போடுறேன்னு சொல்லியிருக்காரு” என்றாள் போனில்.

“நமக்கு அங்க ஓட்டே கிடையாது. நம்மகிட்ட எதுக்கு இந்தப் பிரியம்?” என்றேன்.

“யாரு நல்லது செஞ்சாலும் உங்களுக்குச் சந்தேகம்” என்று வைத்துவிட்டாள்.

சொன்னபடி அவர் கேள்வி போட்டார். மறு வாரம் சபையின் கேள்விப் பட்டியலை மனைவி மின்னஞ்சலில் அனுப்பினாள். குவைத்திலிருந்து விண்ணப்பித்துள்ள ஒரு நபரின் விசா எந்த நிலையில் இருக்கிறது, எப்போது முடிவாகும் என்று மந்திரி தெரிவிப்பாரா என்பது கேள்வி. ‘ஒரு நபர்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘விவரம் தரப்பட்டுள்ளது’ என்று இருந்தது. தனிமனிதர்களின் பெயரை அவர்கள் அச்சில் போடுவதில்லை. பெயரைத் தனியே ஒரு தாளில் எழுதி மந்திரிக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த அடைப்புக்குறிக்குள் இருந்த ஆள் நான்.

அந்தத் தாளை அச்செடுத்து ரூமுக்குக் கொண்டுபோனேன். என் பக்கத்துக் கட்டில்காரர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், சைட்டில் சாரம் கட்டுகிற வேலை. அவர் தாளைப் பார்த்துவிட்டு, “மந்திரிகிட்டயே கேட்டாச்சுன்னா அப்பறம் என்னண்ணே, கலாஸ், முடிஞ்சுச்சு. நமக்கு விசா குடுத்த கஃபீல் ஒரு போனு போட்டாலே ஆபீஸுல எந்திரிச்சு நிக்கிறான். இது பார்லிமென்ட்டு” என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வளைகுடாவில் எட்டு வருடம் இருந்து நான் படித்த பாடம் இது ஒன்றுதான். இங்கே பெரிய மனிதர் ஒருவர் நாலு பேர் முன்னால் ஒரு காரியத்தைப் பற்றிக் கேட்டால், அது ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடியாத காரியத்தை அவர் வாயால் கேட்க மாட்டார். கேட்டு இல்லை என்றாகிவிட்டால் அவமானம் அவருக்கு. எனவே உள்ளுக்குள் பேசி முடித்துவிட்டுத்தான் வெளியே கேட்பார். இதற்கு வாஸ்தா என்று பெயர். சபையில் கேட்கிற கேள்வியும் அந்த வகைதான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை டியூட்டிக்குப் போனதும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். மூன்று மாத நோட்டீஸ். எங்கள் எகிப்து எஞ்சினீயர் இரண்டு தடவை “யோசித்தாயா?” என்று கேட்டார். மந்திரி அளவில் பேசியாகிவிட்டது என்று அவரிடம் மிதப்பாகச் சொன்னேன். மனைவியிடம் சொல்லவில்லை. விசா கையில் வந்ததும் எல்லாம் முடித்துவிட்டேன் என்று சொல்லி அவளை வாயடைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பம் வந்து சேர்ந்திருக்கிறது, வரிசைப்படி பரிசீலிக்கப்படும், முடிவானதும் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்படும். அவ்வளவுதான்.

மனைவிக்குப் போன் போட்டேன். “எப்பிடியும் கவனத்துல வந்திருக்குல்லா, அது போதும்” என்றாள். எனக்கு அது போதாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதைச் சொல்லவே இல்லையே. சொல்ல வெட்கமாக இருந்தது. ஆத்திரத்தை யார் மேலாவது இறக்க வேண்டும். அந்த உறுப்பினர் கிடைத்தார்.

அவருடைய பழைய பேச்சுகளையெல்லாம் தோண்ட ஆரம்பித்தேன். படம் ஒன்று இருந்தது. சிவந்த முகம், இறுக்கிய டை, பல் தெரியாத சிரிப்பு. அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் மண் அடைத்துவிட்டது, எப்போது தூர்வாரப் போகிறீர்கள் என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றார் மந்திரி. ஆட்டு விவசாயிக்கு மானியம் வரவில்லை, கிழவிக்கு இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி வரவில்லை, ஒரு வளைவில் விளக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் ‘விவரம் தரப்பட்டுள்ளது’. எல்லாவற்றுக்கும் வரிசைப்படி, பரிசீலனை, தெரிவிக்கப்படும்.

அப்போதுதான் புரிந்தது, நான் அவருக்கு ஒரு பழுதான கூரை. கேட்பதுதான் அவர் தொழில். கேட்டாச்சு என்று அச்செடுத்துக் குறை சொன்னவர் கையில் கொடுத்துவிட்டால் சனிக்கிழமை வரிசை நகர்ந்துவிடும். இதில் அவருக்குக் காசும் கிடையாது, என்னிடம் ஓட்டும் கிடையாது. இருந்தும் இத்தனை பேருக்காக ஒருவன் சளைக்காமல் கேட்கிறானே என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. எழுந்து போய் அந்த ஆளின் டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

எனக்காக அவர் இரண்டாவது தடவையும் கேட்டார். அதே கேள்வி, அதே பதில், ஒரு கமா கூட மாறவில்லை. நோட்டீசில் ஒரு மாதம் போய்விட்டிருந்தது.

அன்று அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் அடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சைட்டில் மேலதிகாரிக்கு ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி, சின்னச் சின்ன வாக்கியமாக. உங்கள் கேள்வியை நம்பி நான் வேலையை விட்டேன் என்று எழுதவில்லை. அது எனக்கே அசிங்கம். வேறு எழுதினேன்.

என் மனைவி அங்கே போன முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் போனில் அழுதாள். குவைத்தில் நோயாளியைக் குளிப்பாட்ட, துடைக்க வேறு ஆட்கள் உண்டு. அவள் ஊசி, மருந்து, சார்ட் என்று நடந்தவள். அங்கே வயதானவர்களின் வார்டில் போட்டு, கிழவர்களைக் கழுவித் துடைப்பதும் உன் வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள். “வேலைய கேவலமா நெனைக்கல. ஆனா ஊருல யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எங்கம்மைக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிரும்” என்றாள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஊரில் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

அந்த உறுப்பினருக்குச் சொன்னேன். ‘உங்கள் அப்பாக்களின் மலத்தைத் துடைக்க என் மனைவியின் கை வேண்டும். அந்தக் கையைப் பிடித்த கணவன் வேண்டாம். அவள் உங்கள் கிழவர்களைத் தொட்டுவிட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறாள். உங்கள் ஊர் பெரிய ஊர், உங்கள் சபை பெரிய சபை. நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருங்கள்.’ இப்படி ஒரு பக்கம். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியபோது எனக்குச் சுகமாக இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

பதில் வரவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கழித்துப் போய் அவருடைய பேச்சுகளைத் திறந்தால், வெளிநாட்டு நர்சுகளைப் பற்றிய ஒரு விவாதத்தில் அவர் எழுந்து நின்றிருக்கிறார். குவைத்திலிருந்து ஒரு கணவர் எனக்கு எழுதியிருக்கிறார், என் தொகுதியில் வேலை செய்யும் ஒரு நர்சின் கணவர், அதை அப்படியே படிக்கிறேன் என்று தொடங்கி, என் கடிதத்தை வரிக்கு வரி சபையில் படித்திருக்கிறார். ‘மலத்தைத் துடைக்க’ என்ற இடத்தில், குறுக்கீடு என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. யாரோ சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் நிறுத்தவில்லை. நாம் வெட்கப்பட வேண்டும் என்று முடித்திருந்தார். மந்திரி எழுந்து, நர்சுகளின் சேவை போற்றத்தக்கது, தனிப்பட்ட விண்ணப்பங்களைப் பற்றிச் சபையில் பேச முடியாது என்று பூசி மெழுகிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சைட்டில் “ஜல்தி ஜல்தி” என்று விரட்டப்படுகிற ஒருவனுடைய வாக்கியங்கள் ஒரு நாட்டின் சபையில் கேட்டிருக்கின்றன. ஆறு பிரதி அச்செடுத்தேன். ரூமில் எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்டினேன். புதுக்கோட்டைக்காரர், “நீங்க எங்கயோ போயிட்டீங்கண்ணே” என்றார். அன்றைக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். நானே பெருமையாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் பேசவிடவில்லை.

“அந்த லெட்டர எழுதுனது நீங்களா?”

“ஆமா. பாத்தியா, அப்பிடியே படிச்சிருக்காரு.”

“உள்ளூர் பேப்பர்ல வந்திருக்கு. இந்த ஊருல மாப்பிள குவைத்துல இருக்க நர்சு எத்தன பேரு இருக்கான்னு நெனச்சிய? நான் ஒருத்திதான். மேட்ரன் கூப்பிட்டு, உனக்கு எங்க பேஷன்ட தொட அருவருப்பா இருக்கான்னு கேட்டா. நான் என்ன சொல்ல?”

“நான் ஒனக்காகத்தான…”

“எனக்காவ எழுதலிய. ஒங்க கோவத்துக்கு எழுதுனிய. நான் அழுதுட்டுச் சொன்னத எடுத்து எழுதுனிய.” அவள் குரல் உயரவே இல்லை. “ஒரு அப்பச்சன் இருக்காரு. தொண்ணூறு வயசு. ஒண்ணர வருஷமா நாந்தான் குளிப்பாட்டுறேன். போறப்ப வாறப்பல்லாம் மோள பத்திக் கேப்பாரு. இன்னைக்கு டவல எடுத்துட்டுப் போனா, வேண்டாம்மா, உனக்குக் கஷ்டம், வேற யாரையாவது வரச் சொல்லுன்னு சொல்லிட்டு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். “அந்தக் கிழவனுக்காக எங்கிட்ட சண்ட போடுறியா?” என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

அதன் பிறகு நான் கூப்பிட்டால் மகளிடம் கொடுத்துவிடுவாள். மகள் இங்கிலீஷில் பேசினாள். நான் தமிழில் கேட்பதற்கு “யெஸ் டாடி”, “நோ டாடி” என்று பதில் வரும். இரண்டு நிமிடத்தில் அவளுக்கு அலுத்துவிடும். என் மனைவி மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவளுக்காக வேலையை விட்டேன், இவளுக்காகச் சபை ஏறினேன், இவள் முகத்தைத் திருப்புகிறாளே என்று மனதுக்குள் பொருமினேன். ராஜினாமா செய்ததை முன்பு வெட்கத்தால் சொல்லவில்லை. இப்போது வீம்பால் சொல்லவில்லை. விசா வந்து, நான் போய் அவள் வாசலில் நிற்கும்போது தெரியட்டும் என்று இருந்தேன்.

விசா ஒருவேளை வராவிட்டால் என்ற பயமும் கூடவே இருந்தது. எஞ்சினீயரிடம் போய் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் கையை விரித்து, “மாஃபி” என்றார். என் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்த வாரம் வந்து சேர்கிறான். மந்திரி அளவில் பேசியாகிவிட்டது என்றாயே என்று கேட்கவும் செய்தார்.

நோட்டீஸ் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி அந்தக் கடையில் உட்கார்ந்தேன். அந்த உறுப்பினர் என்னை விடவில்லை. மூன்றாவது முறையாகக் கேட்டிருந்தார். குவைத்திலிருந்து விண்ணப்பித்த நபர், விவரம் தரப்பட்டுள்ளது. சென்ற தடவைகளில் பார்த்த அதே வாக்கியம். கீழே மந்திரியின் பதில் மட்டும் புதிதாக இருந்தது. குறிப்பிட்ட விண்ணப்பம் அயர்லாந்தில் உள்ள மனைவியின் எழுத்துப்பூர்வமான வேண்டுகோளின் பேரில் சென்ற மாதமே திரும்பப் பெறப்பட்டது, எனவே இந்தக் கேள்வி எழவில்லை.

அந்தப் பதிலை நான்கு தடவை படித்தேன். எங்கள் வீட்டு விஷயம் அந்த நாட்டு மந்திரிக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய குமாஸ்தாவுக்கும் அச்சடித்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்காகக் கேள்வி போட்ட அந்தச் சிவந்த முகத்துக்காரருக்குக்கூட என்னைப் போலவே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவர் மேல் முதன்முதலாக எனக்குக் கோபம் வரவில்லை. காசை மேசையில் வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் எழுந்தேன். கடைக்காரர், “சேட்டா, சுகமில்லையா?” என்று கேட்டார்.

வெளியே வந்து போன் போட்டேன். அங்கே அவளுக்கு டியூட்டி தொடங்க நேரம் இருந்தது.

“விசா அப்ளிகேஷன திரும்ப வாங்கிட்டியாமே.”

“ஆரு சொன்னா?”

“மந்திரி சொன்னாரு.”

“சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றாள்.

“எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“அந்த லெட்டர எழுதும்போ எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

தெருவில் பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற கூட்டத்தில் ஒதுங்கி நின்றுகொண்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை, சோர்ந்த குரலில்தான் பேசினாள்.

“நீங்க இங்க வந்தா தெனமும் வீட்டுல இதே கோவந்தான் இருக்கும். எனக்கு இப்ப அதுக்குச் சீவன் இல்ல. அந்த அப்பச்சன் நேத்துதான் திரும்பியும் எங்கையால குளிச்சாரு. ஒரு வருஷம் போவட்டு, அப்பறம் பாக்கலாம். உங்களுக்கு அங்க நல்ல வேல இருக்கு, எட்டு வருஷ சர்வீஸ் இருக்கு. அத விட்டுராதீங்க. அங்கேயே இருங்க.”

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவள் ஓடிப்போய் மறுபடி அந்த வரிசையில் நிற்பாள். இரக்கப்பட்டு எனக்காக இன்னொரு விண்ணப்பம் போடுவாள். அந்த மனிதர் எழுந்து இன்னொரு தடவை கேட்பார். அப்படிப் போய் அவள் வீட்டில் உட்கார எனக்கு மனமில்லை. அதைவிட, அவள் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“சரி, இங்கேயே இருக்கேன்” என்றேன்.

நோட்டீஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆபீசில், குவைத் விசா ரத்து வேலைகளைப் பார்க்கிற மந்தூப் என் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். கைரேகை வாங்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, “டிக்கெட் கிதர் கா, பாய்?” என்று கேட்டார்.

திருவனந்தபுரம் என்றேன்.